முதலில் கேளுங்கள்: அது யார் வீட்டுக் குழந்தை?

போன வாரம், கிறிஸ்தவப் பிறப்பு ஓவியங்களைப் பற்றி ஒரு மாணவி எழுதிய கட்டுரையைப் படித்தபோது எனக்குக் காது சூடாகிவிட்டது. இருபது வருடத்துக்கு முன் நான் செய்த அதே தவறு. மரியாவுக்கு ஏன் நீல உடை, தலையைச் சுற்றி ஏன் ஒளிவட்டம் என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். அதை விடுவோம். இந்த ஓவியங்களைப் பார்க்கும்போது நாம் செய்யும் தவறுகளைப் பார்ப்போம்.

யார் பிறந்தது என்று பார்க்காமல் விளக்கத்தில் இறங்குவது

இத்தாலியின் ஃபுளோரன்ஸில் சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தின் பலிபீடத்துக்குப் பின்னால் உள்ள சிற்றாலயத்தில், 1485 முதல் 1490 வரை ஓவியர் கிர்லாந்தையோவும் அவர் பட்டறையும் தீட்டிய சுவரோவியங்கள் இருக்கின்றன. பணம் கொடுத்தவர் பணக்கார வணிகர் ஜொவான்னி தொர்னபுவோனி. ஒரு காட்சியில் மரவேலைப்பாடு இழைத்த பெரிய அறை. கட்டிலில் தாய், தாதி கையில் பச்சைக்குழந்தை, குளிப்பாட்டத் தண்ணீர் ஊற்றும் பெண், பார்க்க வந்திருக்கும் பட்டுடைச் சீமாட்டிகள்.

இயேசு பிறப்பு என்று நானே முடிவுகட்டிவிட்டேன். 'ஏழைத் தொழுவத்தை மாளிகையாக்கிய வணிகர் திமிர்' என்று பக்கம் பக்கமாக எழுதி, சொந்தக் காசில் முந்நூறு கையேடு அச்சடித்தேன். அந்த ஓவியத்தைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேசி முடித்ததும், வருடா வருடம் வீட்டில் குடில் வைக்கும் ஒரு பாட்டி கேட்டார்: "எல்லாம் சரி தம்பி, மாடு எங்கே? சூசையப்பர் எங்கே?"

மாடும் இல்லை, மரியாவின் கணவர் சூசையப்பரும் இல்லை. பிறந்தது மரியா, கட்டிலில் இருப்பது அவர் தாய் அன்னம்மாள். 'தேவதாயே, உன் பிறப்பு உலகம் முழுதுக்கும் மகிழ்ச்சியை அறிவித்தது' என்று அந்தச் சுவர்ப்பலகையிலேயே லத்தீனில் எழுதியிருக்கிறது. அதை ஏதோ அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறேன். வேளாங்கண்ணித் திருவிழாவின் செப்டம்பர் 8, மரியா பிறந்த நாள்தான். அதுகூட என் புத்தியில் தட்டவில்லை. கையேடு முந்நூறும் பழைய பேப்பர்காரருக்குப் போனது.

கட்டில், தாதிகள், வந்துபோகும் பெண்கள் என்று வீடு களைகட்டியிருந்தால் மரியாவையோ திருமுழுக்கு யோவானையோ முதலில் நினையுங்கள். அதே சிற்றாலயத்தின் எதிர்ச்சுவரில் யோவான் பிறக்கிறார். அங்கேயும் அவர் தாய் எலிசபெத்துக்குக் கட்டில், தலையில் பழத்தட்டோடு வரும் ஒரு பெண். குளியலை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பழைய பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசு) மரபில் குழந்தை இயேசுவையும் மருத்துவச்சிகள் குளிப்பாட்டுவார்கள். ஆனால் அங்கே குகை இருக்கும், மாடும் கழுதையும் இருக்கும்.

வெறுந்தரையில் குழந்தையா என்று பதறுவது

சில இயேசு பிறப்புப் படங்களில் குழந்தை வெறுந்தரையில் கிடக்கும். சுவீடனின் புனித பிரிஜித்தா 1372-இல் பெத்லகேமில் கண்டதாகச் சொன்ன காட்சி அது: வலியில்லாத பேறு, தரையில் ஒளிரும் குழந்தை, மண்டியிட்டு வணங்கும் தாய். அப்புறம் வந்த ஓவியர்கள் பலர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஹூகோ வான் டெர் கூஸ் வரைந்து 1483-இல் ஃபுளோரன்ஸ் வந்து சேர்ந்த போர்த்தினாரி பீடப்படத்தில் குழந்தை அப்படித்தான் கிடக்கிறது.

மாடும் கழுதையும் லூக்கா நற்செய்தியில் இருப்பதாக எழுதுவது

இல்லை. அவை வருவது பழைய ஏற்பாட்டில், எசாயா 1:3.

கண்ணில் பட்டதெல்லாம் குறியீடு

போர்த்தினாரி படத்தின் கோதுமைக் கட்டுக்குப் பொருள் உண்டு: பெத்லகேம் என்றால் 'அப்பத்தின் வீடு', திருப்பலியில் தரும் நற்கருணையும் அப்பம். அதற்காக அதே படத்தில் வரும் இடையரின் ஒவ்வொரு பல்லுக்கும் பொருள் தேடாதீர்கள்.

ஓரம் வெட்டிய படத்தை வைத்து எழுதுவது

மரியா பிறப்புக் காட்சியின் இடது மேல்மூலையில், படிக்கட்டின் உச்சியில், அன்னம்மாளும் கணவர் சுவக்கீனும் கட்டியணைத்து நிற்கிறார்கள். இது மரியாவின் பெற்றோர் கதை என்று புரிய அதைப் பார்த்திருந்தாலே போதும். என் கையேட்டில் அந்தப் படிக்கட்டு இல்லை. பக்கத்தில் இடம் போதவில்லை என்று வெட்டியது நான்தான்.