ஸ்பேம் பொத்தானை அழுத்துவதற்கு முன்: மடலாடற்குழு உறுப்பினர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்வெட்டு வாசிப்புக்கான எங்கள் மடலாடற்குழுவில் (ஒருவர் அனுப்பும் மின்னஞ்சல் எல்லா உறுப்பினர்களுக்கும் போகும் குழு) சென்ற மாதம் பதினொரு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். மூன்று வாரத்துக்குள் நான்கு பேரின் சந்தாவில் சிக்கல். குழுவை நிர்வகிக்கும் மட்டுறுத்துநராக ஒவ்வொன்றையும் சரிசெய்ய உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன்: நான்குமே சேர்ந்த புதிதில் நான் செய்த தவறுகள். "என்னை நீக்கிவிடுங்கள்" என்று குழு முழுவதற்கும் எழுதக் கூடாது என்பதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. செய்தவருக்கே தெரியாமல் இழப்பை உண்டாக்கும் தவறுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மடல்கள் குவிந்தால் ஸ்பேம் என்று குறிப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

நான் சேர்ந்த புதிதில் ஒரு வாரம் குழுவில் கடும் விவாதம். காலையில் அஞ்சல்பெட்டியைத் திறந்தால் அறுபது, எழுபது மடல்கள். வேலைக்குப் போகும் அவசரத்தில் எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஸ்பேம் பொத்தானை அழுத்தினேன். பெட்டி காலியானது. அதோடு அதை மறந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு நிலக்கொடைக் கல்வெட்டைப் பற்றிக் குழுவில் கேட்டேன். நிலத்தின் அளவு முக்காணி, அதாவது 3/80, என்று அச்சுப் பதிப்பில் இருந்தது. ஆனால் மற்ற துண்டு நிலங்களோடு சேர்த்துக் கூட்டினால் கல்வெட்டு சொல்லும் மொத்தம் வரவில்லை. மூத்த தமிழாசிரியர் ஒருவர் அன்றிரவே விரிவாகப் பதில் எழுதினார். முக்காணிக்குப் பிறகு கல்லில் முந்திரிகை என்ற சிறு பின்னமும் இருக்கிறது, அந்த 1/320 அச்சில் விடுபட்டுவிட்டது என்று விளக்கி, தம்மிடம் இருந்த மைப்படியை (கல்வெட்டைத் தாளில் மையொற்றி எடுத்த படியை) படமெடுத்து இணைத்திருந்தார். "கிடைத்ததா?" என்று பிறகு இரண்டு முறை கேட்டும் எழுதினார்.

மூன்று மடல்களும் என் ஸ்பேம் பெட்டிக்குப் போயிருந்தன. ஒன்றையும் நான் பார்க்கவில்லை. "இந்தக் கேள்வியை ஒருவரும் பொருட்படுத்தவில்லை" என்று குழுவில் வருத்தத்தோடு எழுதினேன். அவர் அதையும் படித்தார். அதன் பிறகு அரையாண்டுக்கு அவரிடமிருந்து குழுவுக்கு ஒரு மடலும் வரவில்லை. வேறோர் உறுப்பினர் தொலைபேசியில் அழைத்து, "அவ்வளவு எழுதியவரிடம் இப்படிச் சொல்லலாமா?" என்று கேட்டபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. ஜிமெயில் ஸ்பேம் பெட்டியில் உள்ளவற்றை 30 நாளில் அழித்துவிடும். அந்த நாள்களும் கடந்திருந்தன. எழுத்து மட்டும் குழுவின் காப்பகத்தில் கிடைத்தது. காப்பகம் மடலோடு இணைத்த கோப்புகளைச் சேமிப்பதில்லை என்பதால் படங்கள் கிடைக்கவில்லை.

பொத்தானை அழுத்தும்போது என்ன நடக்கிறது என்று தெரிந்தால் யாரும் அழுத்த மாட்டார்கள். பொத்தானை மட்டும் அழுத்தினால் சந்தா நிற்பதில்லை. குழு தொடர்ந்து மடல் அனுப்புகிறது; உங்கள் அஞ்சல் சேவை, இந்தக் குழுவின் மடல்கள் குப்பை என்று கற்றுக்கொண்டு அடுத்தடுத்து வருபவற்றையும் ஒதுக்கத் தொடங்குகிறது. சில அஞ்சல் சேவைகள் உங்கள் புகாரைக் குழுவின் வழங்கிக்கே (மடல்களை அனுப்பும் கணினிக்கே) தெரிவிக்கின்றன. அதைப் பார்த்ததும் உறுப்பினரைத் தானாகவே நீக்கிவிடும் குழுச் சேவைகளும் உண்டு. "என்னை ஏன் நீக்கினீர்கள்?" என்று எனக்கு வரும் கோபமான கடிதங்களில் பாதிக்குக் காரணம் இதுதான்.

உடன் இருப்பவர்களுக்கும் இதனால் பாதிப்பு. 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த கூகுளின் விதிகள், மொத்தமாக மடல் அனுப்புவோர் மீதான ஸ்பேம் புகார் 0.3 விழுக்காட்டைத் தொடக் கூடாது என்கின்றன. நாளுக்கு 5,000 மடல் அனுப்புவோருக்கான கணக்கு அது. நம் குழு அவ்வளவு பெரியதில்லை. ஆனாலும் அளவுகோல் எவ்வளவு நுண்ணியது என்று பாருங்கள். முந்நூறு பேருக்குப் போகும் ஒரு மடலை ஒரே ஒருவர் ஸ்பேம் என்று குறித்தாலே அது 0.33 விழுக்காடு. இப்படிப் புகார்கள் சேரச் சேர வழங்கியின் மதிப்பு குறைகிறது. பொத்தானைத் தொடாதவர்களின் மடல்களும் ஸ்பேம் பெட்டிக்குப் போகத் தொடங்குகின்றன.

ஏற்கெனவே அழுத்திவிட்டீர்களா? இன்றே ஸ்பேம் பெட்டியைத் திறந்து, குழு மடல்களைத் தேர்ந்தெடுத்து, "ஸ்பேம் அல்ல" என்று குறியுங்கள். பிறகு குழு முகவரிக்கு ஒரு வடிகட்டி அமைத்து, ஒருபோதும் ஸ்பேமுக்கு அனுப்ப வேண்டாம் என்ற தெரிவை இடுங்கள். அதே வடிகட்டியில் குழு மடல்களுக்குத் தனிப் பெயர்ச்சீட்டு கொடுத்து, உள்பெட்டியில் விழாதபடியும் செய்யலாம். நாளுக்கு ஒன்றாகத் தொகுத்து வரும் திரட்டு மடலுக்கும் மாறலாம். குழுவே வேண்டாம் என்றால், மடலின் அடியில் இருக்கும் விலகல் இணைப்பை அழுத்துங்கள். அரை நிமிடம் போதும்.

அலுவலக முகவரியில் சேர்வது

வேலையை விடும் நாளில் சந்தாவும் போய்விடும்.

தன் மடல் தனக்கு வரவில்லை என்று மறுபடியும் அனுப்புவது

புதிதாக வந்த ஒருவர் சென்ற வாரம் ஒரே கேள்வியை நான்கு முறை அனுப்பிவிட்டார். அவர் மேல் பிழையில்லை. குழு வழியாகத் திரும்பி வரும் உங்கள் சொந்த மடலை ஜிமெயில் உள்பெட்டியில் காட்டாது. அனுப்பிய மடலும் அதுவும் ஒன்று என்று கருதி ஒதுக்கிவிடும். யாராவது பதில் எழுதினால்தான் அந்த இழை மேலே வரும். மடல் போய்ச் சேர்ந்ததா என்று காப்பகத்தில் பாருங்கள்.

எந்த முகவரியில் சேர்ந்தோம் என்பதை மறப்பது

பழைய முகவரியில் சேர்ந்து, அங்கே வருவதைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிட்டிருப்பார்கள். சில ஆண்டுகள் கழித்துப் புதிய முகவரியிலிருந்து விலக முயன்றால், "நீங்கள் உறுப்பினரே இல்லை" என்று பதில் வரும். ஆனால் மடல்கள் வந்துகொண்டே இருக்கும். கணினியில் ஏதாவது ஒரு குழு மடலைத் திறந்து அதன் மூல வடிவத்தைப் பாருங்கள். தலைப்பகுதியில் அந்த மடல் எந்தெந்த முகவரி வழியாக வந்தது என்பது இருக்கும். பெரும்பாலும் நீங்கள் மறந்த முகவரி அங்கே கிடைத்துவிடும்.

குழு மடலை அப்படியே நண்பருக்கு அனுப்புவது

அடியிலுள்ள விலகல் இணைப்பு பல சேவைகளில் உங்கள் பெயருக்கே உரியது. நண்பர் அதை அழுத்தினால் நீக்கப்படுவது நீங்கள். வெட்டிவிட்டு அனுப்புங்கள்.

திரட்டு மடலுக்கு அப்படியே பதில் எழுதுவது

தலைப்பை மாற்றுங்கள். தேவையான நான்கு வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள்.

'மடல் வேண்டாம்' என்று வைத்துவிட்டுப் போய்விடுவது

தேர்வு, திருமணம், வெளியூர்ப் பயணம் என்று காரணம் எதுவானாலும் தற்காலிகமாக மடலை நிறுத்துவது நல்ல வழி. மீண்டும் தொடங்க வேண்டிய நாளை நாள்காட்டியில் குறிக்காமல் போவதுதான் பிரச்சினை. எங்கள் குழு முன்பு இயங்கிய யாகூ குழுமங்கள் 2020 டிசம்பர் 15 அன்று மூடப்பட்டன. அதற்கு முன்பே நாங்கள் வேறிடத்துக்கு மாறினோம். மாறும் செய்தியைக் குழு மடலாக மூன்று முறை அனுப்பினோம். 'மடல் வேண்டாம்' என்று வைத்திருந்தவர்களுக்கு அந்த மூன்றும் போகவில்லை. முக்கிய அறிவிப்புகள் மட்டும் வரட்டும் என்ற தெரிவும் அங்கே இருந்தது. அதை வைத்திருந்த சிலர் தப்பித்தார்கள். மற்றவர்களில் ஒருவர் இரண்டு ஆண்டு கழித்து எங்களைத் தேடிக் கண்டுபிடித்து, குழுவே கலைந்துவிட்டது என்று எண்ணி வேறெங்கும் கேட்காமல் இருந்ததாக எழுதினார்.

இப்போதைய பட்டியலிலும் பதினேழு முகவரிகள் நிறுத்தி வைத்த நிலையில் இருக்கின்றன. அவற்றில் இரண்டு முகவரிகள் ஆறு ஆண்டுகளாக அப்படியே. இந்த வாரம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை நான்கு பேர் பதில் எழுதியிருக்கிறார்கள். நான்கு பேருமே தாம் மடலை நிறுத்தி வைத்ததை மறந்திருந்தார்கள்.