நேரியலற்ற உகப்பாக்கத்தில் கால்பேக் சார்பை எழுதும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப்புறத்திலிருந்து பல்கலைக்கழகம் சென்ற பிள்ளைகள் விடுமுறையில் என்னிடம் கொண்டுவரும் கணக்குகளில் ஒன்று, செலவு வரம்புக்குள் செம்பனைக்குத் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் எவ்வளவு இட்டால் விளைச்சல் மிகும் என்பது. உரம் கூடக்கூட விளைச்சலின் ஏற்றம் குறைவதால் இது நேரியலற்ற உகப்பாக்கக் கணக்கு, அதாவது நேர்கோட்டில் ஏறாத ஒன்றுக்கு வரம்புக்குள் சிறந்த விடையைத் தேடும் கணக்கு. பைத்தான் நிரல்மொழியின் சைபை (SciPy) என்ற கணிதத் தொகுப்பில் இதை ஓட விட்டபின் உள்ளே நடப்பதை அறிய, பலர் விளைச்சலைக் கணக்கிடும் இலக்குச் சார்புக்குள்ளேயே அச்சிடும் கட்டளையை எழுதிவிடுகிறார்கள். அது தவறான இடம். சரிவைத் தோராயமாகக் கணக்கிட, மாறிக்கு ஒரு முறையாவது தீர்வி (விடையைத் தேடும் நிரல்) அந்தச் சார்பைக் கூடுதலாக அழைக்கும். ஏற்காமல் கைவிட்ட புள்ளிகளும் திரையில் கலந்துவிடும். தோட்டத்தில் சேகரிப்பு மேடைக்கு வந்த செம்பனைக் குலைகளை மட்டும் எண்ணிப் பதிவதைப் போல, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் தீர்வி ஒரே முறை அழைக்கும், நாம் எழுதித்தரும் கால்பேக் சார்பில்தான் பதிவு எழுத வேண்டும்.

சைபையில் கட்டுப்பாடுள்ள கணக்குகளுக்கான 'டிரஸ்ட்-கான்ஸ்ட்ர்' (trust-constr) முறையில் கால்பேக்குக்கு இரண்டு உள்ளீடுகள் வருகின்றன: அப்போதைய புள்ளி, தீர்வியின் நிலையைச் சொல்லும் பொருள். இந்த நிலைப்பொருளை அப்படியே பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். தீர்வி ஒரே பொருளையே சுற்றுக்குச் சுற்று மாற்றி எழுதுவதால், நாற்பது சுற்று ஓடியபின் பட்டியலைத் திறந்தால் நாற்பது வரிசையிலும் கடைசி எண்களே நிற்கும். இதைக் கண்டுபிடிக்க நான் ஒரு மாலை முழுவதையும் செலவிட்டேன். சுற்று எண், இலக்கு மதிப்பு, கட்டுப்பாட்டு மீறல் (வரம்பை எவ்வளவு தாண்டியது என்ற எண்) ஆகியவற்றைத் தனித்தனி எண்களாக எடுத்து, புள்ளியை நகலெடுத்துச் சேமியுங்கள். படம் வரைவது போன்ற கனமான வேலைகளை ஓட்டம் முடிந்தபின் செய்துகொள்ளலாம்.

ஓட்டத்தை இடையில் நிறுத்துவதற்கும் கால்பேக்கே வழி. இலக்கு மதிப்பு பத்துச் சுற்றுகளாக அசையவில்லை என்பது மட்டும் போதாது. கட்டுப்பாட்டு மீறலும் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால், செலவு வரம்பைத் தாண்டிய ஓர் உர அளவை நல்ல விடை என்று நம்பி எடுத்துக்கொள்வோம். இரண்டும் நிறைவேறினால் 'ட்ரூ' என்று திருப்பி அனுப்புங்கள். முடிவில் நிலை எண் 3 என்று வந்தால், உங்கள் கால்பேக்தான் ஓட்டத்தை நிறுத்தியது என்று பொருள்.

ஐபோப்ட் (Ipopt) என்ற வேறொரு தீர்விக்கு மாறுகிறவர்கள் இந்த இடத்தில் மிகுந்த கவனத்தோடு இருக்க வேண்டும். அங்கே 'ட்ரூ' என்றால் தொடர், 'ஃபால்ஸ்' என்றால் நிறுத்து. தொடர்வதற்கு 'ஃபால்ஸ்' அனுப்பும் பழைய கால்பேக்கின் விதியை அப்படியே ஒட்டினால் முதல் அழைப்பிலேயே ஓட்டம் நின்றுவிடும்.