நெல்லாலைக் கணக்கைப் புது சிஸ்டத்துக்கு மாத்த முதல் செய்ய வேண்டியது

வன்னிப்பக்கம் நெல்லாலை, உரக்கடை, ஹாட்வெயார் வச்சிருக்கிற கனபேர் இப்ப ஈஆர்பி (கணக்கு, கையிருப்பு, பில் எல்லாத்தையும் ஒண்டாப் பாக்கிற சொஃப்ட்வெயார்) போடுவமோ எண்டு கேக்கினம். சிலர் ஓடூ எண்ட ஈஆர்பி, சிலர் ஈஆர்பி நெக்ஸ்ட் எண்டது, எதுவெண்டாலும் பிரச்சினை ஒண்டுதான், பழைய டேட்டா. விக்க வாறவர் "டேட்டா நாங்கள் ஏத்தித் தருவம், ரெண்டு நாள் வேலை" எண்டுவார். பொய்யில்லை, ஏத்துறது கெதியான வேலைதான். ஆனா அதுக்கு முதல் துப்பரவாக்கிறது உங்கட ஆக்கள்தான் செய்யோணும், ஏனெண்டால் கடன் கொப்பில "முறிகண்டி சிவம்" எண்டு இருக்கிறவரும் கம்ப்யூட்டர்ல "க. சிவலிங்கம்" எண்டு இருக்கிறவரும் ஒராளோ ரெண்டாளோ எண்டு கொழும்பில இருந்து வாற பொடியனுக்கு என்னெண்டு தெரியும்? அது உங்கட கடையில கனகாலமாக் கணக்கு எழுதுற அக்காவுக்குத்தான் தெரியும். அவவை முதல் நாளே இந்த வேலைக்குள்ள கூப்பிடுங்கோ, வேற வேலையளைக் குறைச்சுக் குடுங்கோ.

முதல்ல எதைக் கொண்டு போறது எண்டு முடிவெடுங்கோ. எல்லா முதலாளிமாரும் "எல்லாம் வரோணும்" எண்டுதான் துவங்குவினம். தேவையில்லை. தீர்ந்துபோன பழைய பில் புது சிஸ்டத்தில இருந்து ஒரு பிரயோசனமும் இல்லை. ஆக்களின்ர லிஸ்ட், சாமான் லிஸ்ட், கையிருப்பு, ஆர் எவ்வளவு தரோணும் நாங்கள் ஆருக்கு எவ்வளவு குடுக்கோணும், பாங்க் மிச்சம், இவ்வளவும் போதும். மிச்சம் பழைய மெசின்லயே கிடக்கட்டும், ஒருத்தரும் புதுசா எழுத ஏலாதமாதிரிப் பூட்டிவிட்டு பாக்கிறதுக்கு மட்டும் திறவுங்கோ, ஒரு பக்கப் நகல் வேற இடத்திலயும் இருக்கோணும்.

பிறகு திகதி. ஒடிட்டர் ஏப்ரல் 1 எண்டுதான் சொல்லுவார், வரி வருசம் அண்டைக்குத்தானே துவங்குது. ஆனா காலபோக நெல்லு மாசி பங்குனியில ஆலைக்கு வந்து குவியுற நேரம், வாசல்ல ட்ரக்டர் வரிசையில நிக்கேக்க தராசடிப் பிள்ளை புது ஸ்கிரீனைப் பாத்து முழிச்சுக்கொண்டு நிண்டால் கமக்காரர் பக்கத்து ஆலைக்குத் திருப்பிக்கொண்டு போயிடுவார். அதுக்குப் பிறகு வருசப்பிறப்பு லீவு. என்னைக் கேட்டால் ஆலைக்கு ஜூன் 30 நல்லம், காலாண்டும் முடியுது, சிறுபோக நெல்லு வரவும் நாள் இருக்கு. உரக்கடை எண்டால் ஐப்பசி கார்த்திகையில மட்டும் கை வைக்காதேங்கோ, விதைப்புக்கு உரம் கடனில போற காலம் அது.

இனித்தான் தலையிடி. எங்கட பக்கத்து எக்செல் ஃபைலுகள் பாதி பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவில அடிச்சது. பாமினி யூனிக்கோட் (எல்லாக் கம்ப்யூட்டரிலயும் தமிழாவே தெரியிற எழுத்து முறை) இல்லை, புது சிஸ்டத்தில ஏத்தினால் பேரெல்லாம் இங்கிலீஷ் எழுத்துக் குப்பையா நிக்கும். கன்வேட்டர் இருக்கு, ஆனா முழு ஷீட்டையும் தூக்கி அதுக்குள்ள போடாதேங்கோ, தமிழ்ப் பேர் இருக்கிற கொலத்தை (நிரலை) மட்டும் போடுங்கோ. ஏனெண்டால் பாமினியில கமா எண்டுறது "இ", அதால 1,25,000 ரூபா கடன் 1இ25இ000 எண்டு மாறி வரும், பழைய அடையாள அட்டை இலக்கத்தின்ர கடைசில இருக்கிற இங்கிலீஷ் "வி" எழுத்து "ஏ" ஆயிடும். மாத்தி முடிய எக்செல்ல சேவ் பண்ணேக்க ஃபைல் வகையை சிஎஸ்வி யூடிஎஃப் 8 எண்டு தெரிஞ்செடுங்கோ, வெறும் சிஎஸ்வி எண்டு பண்ணினால் தமிழெல்லாம் கேள்விக்குறி. ஃபோன் நம்பர்ல முன்னுக்கு இருக்கிற சைபரையும் எக்செல் தின்னும், அந்தக் கொலத்தை டெக்ஸ்ட் ஆக்கிப்போட்டு அடியுங்கோ.

ஒராளுக்கு ரெண்டு கணக்கு இருக்கோ எண்டு பிடிக்க பேரை நம்பாதேங்கோ. ஒரே ஊரில ஒரே பேரில நாலு பேர் இருப்பினம், கலியாணம் முடிச்ச பிள்ளையளுக்கு இனிசியலும் மாறும். அடையாள அட்டை இலக்கத்தைப் பிடியுங்கோ. பழசு 9 இலக்கமும் எழுத்தும், 2016இல இருந்து வாறது 12 இலக்கம், ஒராளுக்கே ரெண்டும் ரெண்டு இடத்தில பதிஞ்சிருக்கும். மாத்துறது லேசு: முன்னுக்கு 19 போட்டு, பழசின்ர முதல் 5 இலக்கத்துக்குப் பிறகு ஒரு 0 வச்சு, மிச்ச 4 இலக்கத்தை எழுதி, எழுத்தை விட்டுடுங்கோ. எல்லாத்தையும் 12 ஆக்கிப்போட்டு இலக்க வரிசைப்படி அடுக்கினால் ரெட்டைக் கணக்கெல்லாம் ஒண்டுக்குக் கீழ ஒண்டா வந்து நிக்கும்.

சாமான் லிஸ்ட்லயும் கீரிச்சம்பா, கீரி சம்பா, கே சம்பா எண்டு மூண்டு கிடக்கும், ஒண்டாக்குங்கோ. அதைவிட முக்கியம் அளவு. மூடை எண்டால் எத்தினை கிலோ? நெல்லு மூடை ஒரு கணக்கு, அரிசி மூடை இன்னொரு கணக்கு, உரம் 50 கிலோ. எல்லாத்துக்கும் கிலோவை அடிப்படையா வச்சு மூடையைப் பிறகு சேருங்கோ. பாவிக்கத் துவங்கின பிறகு அடிப்படை அளவை மாத்த வெளிக்கிட்டால் கனக்க சிஸ்டம் விடவே விடாது.

ஏத்துறதுக்கும் ஒரு வரிசை இருக்கு. கணக்குத் தலைப்புகள், பிறகு ஆக்கள், சாமான், அதுக்குப் பிறகுதான் கையிருப்பும் கடனும். கடனை மொத்தமா ஒரு தொகையா ஏத்தாதேங்கோ, தீராத பில் ஒவ்வொண்டையும் அதின்ர பழைய திகதியோட தனித்தனியா ஏத்துங்கோ, இல்லாட்டி ஆர் ஆறு மாசமாத் தரேல்ல எண்டு கண்டுபிடிக்க ஏலாது. ஹாட்வெயார்காரர் ஒண்டு கவனியுங்கோ, வற் (பெறுமதி சேர் வரி) 18 வீதமானது 2024 ஜனவரி 1இல, அதுக்கு முந்தின பில் அதைவிடக் குறைஞ்ச வீதத்தில போட்டது, ஆனபடியால் வரவேண்டிய மிச்சக் காசை அப்பிடியே, புதுசா வரி சேக்காமல் ஏத்தோணும், சிஸ்டத்தைத் திரும்பி வற் போட விட்டிடாதேங்கோ.

உண்மையான நாளுக்கு முதல் டெஸ்ட் சைட்ல (பரீட்சிச்சுப் பாக்கிற தனி சிஸ்டத்தில) ஒருக்கா முழுசா ஏத்திப் பாருங்கோ, குறைஞ்சது ஒருக்கா. ஏத்தி முடிய மொத்தக் கடன், மொத்தக் கையிருப்பு, பாங்க் மிச்சம் மூண்டும் பழசோட சதம் பிசகாமல் ஒத்துவரோணும். ஈஆர்பி நெக்ஸ்ட்ல டெம்பரரி ஓப்பனிங் எண்டொரு கணக்கு இருக்கு, எல்லாம் ஏத்தி முடிய அது சைபருக்கு வரோணும், வரேல்லயெண்டால் எங்கயோ ஒண்டு விடுபட்டிருக்கு. மொத்தம் சரி எண்டு விட்டிடாமல் கணக்கு எழுதுற அக்காவிட்ட பத்துப் பேரைச் சொல்லச் சொல்லி, கொப்பியையும் ஸ்கிரீனையும் பக்கத்தில வச்சுப் பாருங்கோ, அவ கட்டாயம் கரைச்சலான கணக்குகளாத்தான் எடுப்பா.

மாத்துற அண்டு பின்னேரம் கடையைப் பூட்டிப்போட்டு கையிருப்பை எண்ணுங்கோ, கொப்பியில இருக்கிறதை அப்பிடியே போடாதேங்கோ. கரண்ட் போனால் என்ன செய்யிறது எண்டதையும் யோசிச்சு, இலக்கம் அடிச்ச கைப்பில் புத்தகம் ஒண்டு தராசடியில வச்சிருங்கோ. முதல் மாசம் பழைய கொப்பியிலயும் சேத்து எழுதச் சொல்லி சில பேர் சொல்லுவினம், அது ரெண்டு கிழமைக்கு மேல வேண்டாம், ரெண்டிலயும் எழுதுற பிள்ளை கடைசில ரெண்டிலயும் அரைகுறையாத்தான் எழுதும்.