மலையில் ஒலிப்பதிவு: ஷாட்கன் மைக் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரெக்கார்டர், இரண்டு காலர் மைக்குகள், மைக்கை நுனியில் மாட்டிப் பேசுபவர் அருகே நீட்டும் பூம் கம்பு, நல்ல ஹெட்போன் என்று பை ஓரளவு நிறைந்த பிறகு, அடுத்து ஒரு ஷாட்கன் மைக் (முன்னால் உள்ள ஒலியைக் குறிவைக்கும் நீண்ட குழாய் வடிவ மைக்) வாங்கலாம் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் ‘இருப்பதிலேயே நல்லது எது?’ என்றுதான் என்னிடம் கேட்கிறார்கள். கோத்தகிரி, குன்னூர், ஊட்டிப் பகுதிகளில் ஆவணப்படங்களுக்கு ஒலிப்பதிவு செய்துவரும் எனக்கு அந்தக் கேள்வியே முதல் தவறாகப் படுகிறது. பையில் இப்போது இருப்பவற்றை வைத்துக்கொண்டு எந்த இடத்தில் தோற்றுப்போகிறோம் என்று முதலில் ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். அந்த இடத்தை நிரப்பும் மைக்தான் நமக்கு நல்ல மைக்.

இப்படி எழுதிப் பார்க்காததால், கையில் 25 சென்டிமீட்டர் ஷாட்கன் இருக்கும்போதே அதே நீளத்தில், அதே குணத்தில் இன்னொன்றையும் வாங்கிவிடுகிறார்கள். சென்ஹெய்சர் எம்கேஎச் 416, ரோட் என்டிஜி3 ஆகிய இரண்டையும் எடுத்துக்கொள்வோம். நீளம் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டும், ரெக்கார்டர் கேபிள் வழியாக மைக்குக்கு அனுப்பும் 48 வோல்ட் ஃபாண்டம் மின்சாரத்தில் இயங்குகின்றன. இரண்டின் சுய இரைச்சலும், அதாவது ஒலியே இல்லாதபோதும் மைக் தானாக எழுப்பும் இரைச்சலும், 13 டெசிபல். ஒன்று இருக்கும் பையில் மற்றொன்றைச் சேர்ப்பதால் அவசரத்துக்கு ஒரு மாற்று மைக் கிடைக்கும், அவ்வளவுதான். முன்பு பதிவு செய்ய முடியாத எதையும் அந்த இரண்டாவது மைக்கால் பதிவு செய்துவிட முடியாது.

அடுத்த தவறு, ஷாட்கன் மைக்கைக் கேமராவின் ஜூம் லென்ஸைப் போல நினைப்பது. லென்ஸ் தொலைவில் உள்ளதை அருகே காட்டும். இந்தக் குழாய் எதையும் அருகே கொண்டுவருவதில்லை. அதன் பக்கவாட்டில் உள்ள பிளவுகள் வழியாக நுழையும் ஒலி, குழாயின் வெவ்வேறு இடங்களிலிருந்து வெவ்வேறு நேரத்தில் மைக்கின் உள்ளே அதிரும் மெல்லிய தகடான உதரவிதானத்தை அடைவதால் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. நேர் முன்னாலிருந்து வருவது மட்டும் அழியாமல் போய்ச் சேர்கிறது. இந்த அழிப்பு வேலை நடப்பதற்குக் குழாயின் நீளம் ஒலியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவில் இருக்க வேண்டும். 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 34 சென்டிமீட்டர். 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அது சுமார் 3.4 மீட்டர். ஆகவே 25 சென்டிமீட்டர் குழாய் உச்ச ஒலிகளை (உயர் அதிர்வெண் ஒலிகளை) மட்டுமே பக்கவாட்டிலிருந்து நன்றாக விலக்கும். கொண்டை ஊசி வளைவில் முதல் கியரில் ஏறும் பேருந்தின் உறுமலையும், கடைவாசல் ஜெனரேட்டரின் அதிர்வையும் அது தடுக்காது. தேயிலைத் தொழிற்சாலையில் இலையை வாட்டும் தொட்டிகளுக்குக் காற்றடிக்கும் பெரிய மின்விசிறிகளின் முழக்கமும் அப்படியே உள்ளே வரும். அந்த ஒலிகளைப் பொறுத்தவரை இது குழாய் இல்லாத ஒரு சாதாரண சூப்பர்கார்டியாய்டு மைக்தான், அதாவது முன்னாலிருந்து வருவதை அதிகமாகவும் பக்கங்களிலிருந்து வருவதைக் குறைவாகவும் கேட்கும் மைக். பேசுபவரிடமிருந்து உள்ள தூரம் இரட்டிப்பானால், திறந்தவெளியில் அவர் குரல் 6 டெசிபல் குறையும்; எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மைக்கும் இந்தக் கணக்கை மாற்றாது. எனவே கேமராவின் தலையில் பொருத்துவதற்காக விலையுயர்ந்த ஷாட்கன் வாங்க நினைப்பவர், அந்தப் பணத்தில் பாதியை நீளமான பூம் கம்புக்கும் அதைப் பிடிக்கும் ஆளுக்கும் ஒதுக்கினால் அதிகப் பலன் பெறுவார்.

சரிவான நிலத்துக்கென்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும். சமவெளியில் பூமை மேலிருந்து கீழ்நோக்கிப் பிடித்தால் மைக் தரையைப் பார்க்கும், தரை பேசாது. தேயிலைத் தோட்டத்தில் பேசுபவர் பள்ளத்தாக்கின் பக்கம் முதுகைக் காட்டி நின்றால், அதே மைக் அவருடைய தோளுக்கு மேலாகக் கீழே ஓடும் சாலை முழுவதையும் பார்த்துக்கொண்டிருக்கும். அவரைத் திருப்பி, முதுகுக்குப் பின்னால் மேட்டுச் சரிவு வரும்படி நிறுத்திவிட்டால் பாதி இரைச்சல் தீர்ந்துவிடும். அப்போதும் சாலை மைக்கின் நேர் பின்னால் வந்துவிடாதபடி சற்றுக் கோணம் மாற்றிக்கொள்ளுங்கள். சூப்பர்கார்டியாய்டு மைக்கின் காது மிக மந்தமாக இருப்பது நேர் பின்புறத்தில் அல்ல. முன்பக்கத்திலிருந்து சுமார் 126 பாகையில், பக்கவாட்டுக்கும் பின்பக்கத்துக்கும் இடையே அந்த இடம் இருக்கிறது. இதைக் கையால் திருப்பித் திருப்பிக் கேட்டுப் பழகியவருக்கு, இன்னும் நீளமான மைக் தேவை என்ற எண்ணமே பல வேளைகளில் மறைந்துவிடும்.

அறைக்குள் ஷாட்கன் மைக்கை நம்பி ஏமாறுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான் என்றாலும், நம் மலை வீடுகளில் அதன் விளைவு கூடுதலாகத் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் கோத்தகிரிக்கு மேலே ஒரு ஹட்டியில் (படுகர் ஊரில்), எண்பது வயதைத் தாண்டிய படுகப் பாட்டி ஒருவர் தன் இளமைக்கால விதைப்புப் பாட்டுகளைப் பாடிக்காட்டச் சம்மதித்தார். வெளியே சாரல். சிமெண்டுத் தரை, எண்ணெய்ச் சாயம் பூசிய சுவர், தாழ்வான மரக்கூரை கொண்ட சின்ன அறைக்குள் உட்காரவைத்து, என்னிடமிருந்த ஒரே ஷாட்கன் மைக்கை அவர் வாயிலிருந்து இரண்டடி தூரத்தில் பிடித்தேன். ஹெட்போனில் கேட்டபோது குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலித்தது. அவர் தலையை லேசாக அசைக்கும்போதெல்லாம் அதன் நிறமும், அதாவது ஒலியின் தன்மையும், மாறியது. காரணம் எளியது. சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் அதே குரல் பக்கவாட்டுப் பிளவுகள் வழியாக நுழைந்து, சில அலைவரிசைகளில் அழிந்தும் சிலவற்றில் அழியாமலும் நேர்க்குரலோடு கலக்கிறது. அந்த வீட்டிலிருந்த மூன்று கனத்த கம்பளிகளை வாங்கி, கதவிலும் ஜன்னல் கம்பியிலும் எதிர்ச்சுவரின் ஆணியிலும் மாட்டிய பிறகுதான் குரல் ஓரளவு குரலாகக் கேட்டது. ஊட்டி, குன்னூர்ப் பகுதிகளில் கம்பளி இல்லாத வீடு கிடையாது என்பதால் இந்த வழி எப்போதும் கைகொடுக்கும். ஆனாலும் குழாய் இல்லாத சிறிய சூப்பர்கார்டியாய்டு மைக் ஒன்று அன்று பையில் இருந்திருந்தால், முதல் பாட்டை இழந்திருக்க மாட்டேன். பாட்டி அதை மறுபடி பாடவில்லை. சென்ஹெய்சர் எம்கேஎச் 50 இந்த வேலைக்குப் பலரும் நம்பும் மைக். அதன் விலை எட்டாதவர்களுக்கு ஆடியோ டெக்னிகா ஏடி4053பி போன்ற, கிட்டத்தட்ட அதே குணமுள்ள ஹைப்பர்கார்டியாய்டு மைக்குகள் இருக்கின்றன. உங்கள் பதிவுகளில் பாதிக்கு மேல் வீட்டுக்குள் நடக்கிறதென்றால், ஷாட்கன் வாங்கும் எண்ணத்தையே தள்ளிவைத்து முதலில் இவற்றில் ஒன்றை வாங்குங்கள்.

இனி ஈரப்பதம். சென்னையில் இருந்துகொண்டு மைக்குகளை ஒப்பிட்டுச் சொல்பவர்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். நீலகிரியில் வேலை செய்பவருக்கோ தேர்வின் மையமே இதுதான். தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், பந்தலூர்ப் பக்கமும், வடகிழக்குப் பருவமழையில் கோத்தகிரிப் பக்கமும் மேகம் நாள்கணக்கில் தரையிலேயே கிடக்கும். சாதாரண கண்டென்சர் மைக்கில் ஒலியை மின்சமிக்ஞையாக மாற்றும் கேப்சூல் மிக மிக உயர்ந்த மின்தடை உள்ள சுற்றில் தன் மின்னேற்றத்தைத் தாங்கி நிற்கிறது. அந்தச் சுற்றில் ஈரம் படிந்தால் மின்னேற்றம் கசிந்து, முதலில் பொரி வெடிப்பதுபோன்ற ஒலியும், பிறகு சீற்றமும் கேட்கும். சில நேரம் மைக்கே ஊமையாகிவிடும். சென்ஹெய்சரின் எம்கேஎச் வரிசையும் ரோட் என்டிஜி3, என்டிஜி5 ஆகியவையும் வேறு வழியில் இயங்குகின்றன. அவற்றில் கேப்சூல் ஓர் உயர் அதிர்வெண் சுற்றின் பகுதியாகக் குறைந்த மின்தடையில் வேலை செய்வதால், ஈரம் அவ்வளவு எளிதில் அவற்றைத் தொந்தரவு செய்வதில்லை. பனிமூட்டத்தில் வேலை செய்பவர் விவரத்தாளில் முதலில் தேட வேண்டிய குணம் இதுவே என்பது என் உறுதியான கருத்து. மற்ற எல்லாவற்றிலும் சிறந்து விளங்கும் மைக் இந்த ஒன்றில் பின்தங்கினால், அதை இங்கே முதல் மைக்காக வாங்க நான் சொல்ல மாட்டேன்.

எந்த மைக்காக இருந்தாலும் அதை நனைப்பது பெரும்பாலும் மழை அல்ல, நம் அவசரம்தான். உறைபனி விழும் மார்கழிக் காலையில் வெளியே பதிவு செய்துவிட்டு, அடுப்பு எரியும் சமையலறைக்குள் நுழைந்த உடனே பையைத் திறந்தால், குளிர்ந்த உலோகத்தின் மேல் மூக்குக் கண்ணாடியில் படிவதுபோல நீர்த்துளிகள் படியும். இரவெல்லாம் ஊட்டியில் காரின் டிக்கியில் குளிர்ந்த மைக்கை, மலையிறங்கி மேட்டுப்பாளையத்தில் திறந்தாலும் இதேதான் நடக்கும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வைத்திருந்து, உள்ளே இருப்பது அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகு திறக்க வேண்டும். மைக்கோடு சிலிகா ஜெல் பொட்டலங்களைப் போட்டு மூடிவைக்கும் காற்றுப்புகாத டப்பாவும் வாங்கிவிடுங்கள். அதற்காகும் செலவு மிகக் குறைவு.

காற்றுத் தடுப்புக்குப் பணம் ஒதுக்காமல் முழுத் தொகையையும் மைக்கிலேயே போட்டுவிடுவது இன்னொரு பெரிய தவறு. மைக்கோடு வரும் பஞ்சு உறை, வீட்டுக்குள் பூமை அசைக்கும்போது எழும் காற்றுக்கு மட்டுமே போதும். தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம். அங்கேயும் கொடைக்கானலின் கோக்கர்ஸ் வாக் போன்ற விளிம்புகளிலும் வீசும் காற்றுக்கு, கூண்டு போன்ற பிளிம்ப்பும் அதன் மேல் உரோம உறையும் இல்லாமல் எந்த ஷாட்கன் மைக்கும் பயன்படாது. எம்கேஎச் 416-இல் அடிநாத ஒலியைக் குறைக்கும் லோ கட் சுவிட்ச் கிடையாது என்பதால், உங்கள் ரெக்கார்டரில் அந்த வசதி இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். உரோம உறை சாரலில் நனைந்து ஒட்டிக்கொண்டால் உச்ச ஒலிகளை விழுங்கிவிடும். ஆகவே இரண்டு உறைகள் வேண்டும். ஒன்று காயும்போது மற்றொன்று வேலை செய்யும்.

எடையும் இதோடு சேர்ந்தது. எம்கேஎச் 416-இன் எடை சுமார் 165 கிராம், ஷோப்ஸ் சிஎம்ஐடி 5 சுமார் 89 கிராம், ரோட் என்டிஜி5 76 கிராம். மேசைமேல் வைத்துப் பார்த்தால் இது ஒரு வேறுபாடாகவே தெரியாது. ஈரச் செடிகளுக்கிடையே, ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலுமாக நின்று, மூன்று மீட்டர் கம்பின் நுனியில் பிளிம்ப்போடு சேர்த்துப் பத்து நிமிடம் தாங்கிப் பார்த்தால் தெரியும்.

மைக்கை ரெக்கார்டரோடு சேர்த்து மதிப்பிடாததும் அடிக்கடி நேர்வது. பழைய கையடக்க ரெக்கார்டர்களில் ஒலியைப் பெருக்கும் பகுதியே சற்று இரையும். அதில் குறைந்த மின்னழுத்தம் தரும் மைக்கைச் செருகி அளவைக் கூட்டினால், மைக் எவ்வளவு அமைதியானதாக இருந்தாலும் சீற்றம்தான் மிஞ்சும். ஒரே அளவு ஒலிக்கு எம்கேஎச் 416 தருவது 25 மில்லிவோல்ட், எம்கேஎச் 8060 தருவது 63 மில்லிவோல்ட். இந்த வேறுபாடு சுமார் 8 டெசிபல். ரெக்கார்டரின் அளவை அவ்வளவு குறைவாகக் கூட்டினால் போதும் என்று பொருள். நல்ல ரெக்கார்டர் வைத்திருப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. அவர் பார்க்க வேண்டியது மைக்கின் சுய இரைச்சலை. சந்தைக்கடைப் பேட்டிக்கு 18 டெசிபல் இரைச்சலுள்ள ரோட் என்டிஜி2 போதும். அவலாஞ்சி பக்கத்துச் சோலைக்காட்டின் ஓரத்தில், வனத்துறை அனுமதியோடு, விடியலில் நீலகிரிச் சிரிப்பான் என்ற பறவையின் குரலைப் பதிவு செய்ய நினைப்பவருக்கு அந்த 18 டெசிபல் மெல்லிய மழைபோல் பதிவு முழுவதும் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த வேலைக்கு, 5 டெசிபல் மட்டுமே இரையும் நீளமான எம்கேஎச் 70 போன்றது தேவைப்படுகிறது. அதையே பேசுபவரின் மேல் குறிவைத்தால், அவர் ஓரடி நகர்ந்தாலும் குரல் மங்கிவிடும்.

ஏற்கெனவே உள்ள காலர் மைக்குகளோடு புதிய மைக்கின் ஒலிநிறம் ஒத்துப்போகிறதா என்பதைக் கடையில் நின்று முடிவு செய்ய முடியாது. சென்னையிலோ கோவையிலோ இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து வாருங்கள். ஒருவரைப் பேசவைத்து, காலர் மைக்கையும் ஷாட்கனையும் தனித்தனித் தடங்களில் ஒரே நேரத்தில் பதிவு செய்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிக் கேளுங்கள். 416-இன் உச்ச ஒலிகள் சற்று எடுப்பானவை. சட்டைக்குள் மறைத்த காலர் மைக் மங்கலாக ஒலிக்கும். இரண்டையும் ஒரே காட்சியில் ஒட்டும்போது வெட்டு காதில் தட்டும். எந்த மைக்கோடு அந்தத் தட்டல் குறைவாக இருக்கிறதோ அதையே வாங்குங்கள்.

பழைய மைக் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 416-இன் பழைய வடிவங்களில் 12 வோல்ட் டி-பவர் என்ற வேறு மின்முறையில் இயங்குபவை உண்டு. இன்றைய ரெக்கார்டர்களின் ஃபாண்டம் மின்சாரம் அவற்றுக்குப் பொருந்தாது. உடலில் ஃபாண்டம் மின்சாரத்தைக் குறிக்கும் பி48 என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். இந்த மைக்கின் போலிகளும் சந்தையில் ஏராளம். தூதஞ்சலில் வரவழைத்துவிட்டுப் பிறகு வருந்துவதைவிட, உங்கள் ரெக்கார்டரையும் ஹெட்போனையும் எடுத்துக்கொண்டு விற்பவரிடம் நேரில் போய், அமைதியான அறையில் ஐந்து நிமிடம் பதிவு செய்து கேட்ட பிறகு பணத்தைக் கொடுங்கள். விற்பவர் மலையிலேயே இருந்தால், பனி இறங்கும் மாலை வேளையாகப் பார்த்துப் போவது இன்னும் நல்லது.