சுற்றுலா விசா நிறுத்தப்பட்டால்: டர்பனிலிருந்து தமிழகம் செல்லவிருந்தோர் செய்ய வேண்டியவை

பழனிக்கு நேர்ந்துகொண்ட காவடிக்காகவோ, கொள்ளுப்பாட்டன் கப்பலேறிய ஊரைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகவோ, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழ்க் குடும்பங்கள் பல மாதங்கள் பணம் சேர்த்து இந்தியப் பயணத்துக்கு ஆயத்தமாகின்றன. புறப்படச் சில நாட்களே இருக்கும்போது சுற்றுலா விசா நிறுத்தப்பட்டதாகச் செய்தி வந்தால், உடனே பயணச்சீட்டை ரத்துசெய்யத்தான் கை போகும். கொரோனா பரவிய 2020 மார்ச்சில் நான் அதைத்தான் செய்தேன். செய்தி கேட்ட இரவே எங்கள் நால்வரின் சீட்டுகளையும் ரத்துசெய்தேன். ஐந்து நாள் கழித்து விமான நிறுவனமே அந்தப் பயணத்தை ரத்துசெய்தது. பொறுத்திருந்தவர்களுக்கு முழுப் பணம் கிடைத்தது, எங்களுக்கோ விமான நிலைய வரி மட்டும் வந்தது.

ஆகவே முதல் வேலை, ஆணையை அதன் மூலத்திலேயே படிப்பது. உறவினர் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியை நம்பாமல், இந்திய அரசின் விசாத் தளத்தையும் டர்பனிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் அறிவிப்பையும் பாருங்கள். புதிய விசா வழங்குவது மட்டும் நின்றதா, கையிலிருக்கும் விசாவும் செல்லாதா, எந்த நேரத்திலிருந்து என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 2020 மார்ச் 11 அன்று இந்தியா பிறப்பித்த ஆணை, தூதரகம், அரசு அலுவல், ஐ.நா. மற்றும் பன்னாட்டு அமைப்புகள், வேலை, திட்டப்பணி ஆகியவற்றுக்கான விசாக்கள் நீங்கலாக, ஏற்கெனவே வழங்கப்பட்ட எல்லா விசாக்களையும் ஏப்ரல் 15 வரை நிறுத்திவைத்தது. அது மார்ச் 13 அன்று கிரீன்விச் நேரம் 12 மணிக்கு, அதாவது நம் நேரப்படி பிற்பகல் 2 மணிக்கு, பயணி புறப்படும் இடத்திலேயே நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டு இந்தியக் குடிமகன் (ஓ.சி.ஐ.) அட்டை வைத்திருந்தோரின் விசா இல்லாப் பயண உரிமையும் அதே ஆணையால் நிறுத்தப்பட்டது என்பதால், அட்டை கையில் இருக்கிறதே என்று அசட்டையாக இருக்க வேண்டாம்.

அடுத்தது பணம். இங்கே விமானத்துக்கு ஒரு வழிமுறை, விடுதிக்கு வேறொரு வழிமுறை. விமானம் இன்னும் ஓடுகிறது என்றால், நிறுவனம் கட்டணமில்லாத தேதி மாற்றம் அறிவிக்கிறதா, பயணத்தையே ரத்துசெய்கிறதா என்று காத்திருங்கள். ஆனால் புறப்படும் நேரத்தைத் தாண்டிக் காத்திருக்காதீர்கள். சொல்லாமல் விமான நிலையத்துக்குப் போகாமல் இருந்துவிட்டால், பெரும்பாலான சீட்டுகளில் மிச்சமிருக்கும் மதிப்பும் போய்விடும். உங்கள் சீட்டின் விதிகளைப் படித்து, தேதி மாற்றக் கேட்பதற்கான கடைசி நேரத்தை நாட்காட்டியில் எழுதிவையுங்கள். நிறுவனம் பணத்துக்குப் பதிலாகப் பின்னர் பயன்படுத்தும் பற்றுச்சீட்டு (வவுச்சர்) கொடுக்க முன்வந்தால், ஏற்குமுன் அதன் காலாவதித் தேதியைக் கேளுங்கள்.

விடுதி, வாகனம், சுற்றுலா முகவர் ஆகியோரிடம் இதற்கு நேர்மாறாக, எவ்வளவு விரைவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு விரைவாகச் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, முன்பதிவை ரத்துசெய்யும் உரிமையை நமக்குத் தருகிறது. முகவர் நியாயமான கட்டணம் மட்டுமே பிடிக்கலாம். எது நியாயம் என்பதை அளக்கும்போது, எவ்வளவு முன்னதாகச் சொன்னீர்கள், அந்த இடத்துக்கு வேறொருவரைப் பிடிக்க வாய்ப்பு இருந்ததா என்பவையும் கணக்கில் வரும். தொலைபேசியில் பேசினாலும், அதையே மின்னஞ்சலில் எழுதி, ஆணையின் நகலையும் இணைத்து அனுப்புங்கள். மதுரையிலோ பழனியிலோ நீங்களே நேரடியாகப் பதிவுசெய்த விடுதிக்கு இந்தச் சட்டத்தைக் காட்டிப் பயனில்லை. அங்கே கனிவான பேச்சுதான் வேலை செய்யும், பல நேரம் தேதியை மாற்றியும் தருவார்கள்.

பயணக் காப்பீட்டைப் பெரிதாக நம்ப வேண்டாம். அரசு ஆணையால் தடைபட்ட பயணத்துக்கு இழப்பீடு இல்லை என்று பல ஒப்பந்தங்களில் சிறு எழுத்தில் இருக்கும். செய்தி வெளிவந்த பிறகு வாங்கும் காப்பீடு அந்தத் தடைக்குப் பொருந்துவதும் அரிது.

தேதியோடு வழியும் மாறினால் புதிய சிக்கல்கள் வரும். டர்பனிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் இல்லை. மலிவாகக் கிடைக்கிறதென்று அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியை எடுத்தால், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கப்படலாம். ஊசி போட்டுக்கொண்ட 10 நாட்களுக்குப் பிறகே அது செல்லுபடியாகும். சான்றிதழ் இல்லாதவரை இந்தியா 6 நாட்கள் வரை தனிமைப்படுத்தி வைக்க முடியும். பிள்ளைகளுடன் பெற்றோரில் ஒருவர் மட்டும் போவதாக ஏற்பாடு மாறினால், மற்றவரின் ஒப்புதல் உறுதிமொழிப் பத்திரத்தையும் முழு விவரப் பிறப்புச் சான்றிதழையும் ஆயத்தம் செய்யுங்கள்.

விடுப்பு வீணாகக் கூடாது என்போர் மொரிஷியஸையோ மலேசியாவையோ எண்ணிப் பார்க்கலாம். தென்னாப்பிரிக்கக் கடவுச்சீட்டுக்கு இரண்டிலும் முன்கூட்டிய விசா தேவையில்லை, கோர் தெ கார்ட் மலையடியிலும் பத்துமலையிலும் முருகன் இருக்கிறான். பழனிக்கென்று நேர்ந்ததை வேறிடத்தில் செலுத்தலாமா என்பதை வீட்டுப் பெரியவர்களே சொல்லட்டும். என் அத்தை மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்தடியில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

அந்தக் காத்திருப்பு நீண்டது. வழக்கமான விமானங்களில் வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு இந்தியா மீண்டும் கதவு திறந்தது 2021 நவம்பர் 15 அன்றுதான். அப்போதும் புதிதாகப் பெற்ற விசாவுக்கே இடம் இருந்தது. நிறுத்திவைக்கப்பட்ட ஐந்தாண்டு மின்விசாக்கள் 2022 மார்ச்சில்தான் உயிர்பெற்றன. எனவே தடை நீங்கியது என்று கேட்டவுடன் சீட்டு வாங்காமல், உங்கள் பழைய விசா செல்லுமா என்பதையும், கடவுச்சீட்டில் ஆறு மாதச் செல்லுபடியும் இரண்டு வெற்றுப் பக்கங்களும் இருக்கின்றனவா என்பதையும் பார்த்து, விசா கைக்கு வந்த பிறகே விமானத்துக்குப் பணம் கட்டுங்கள்.