லாரிக்கு டோ-இன் பார்ப்பது எப்படி: ஒரு ஆணி, ஒரு பைப், கொஞ்சம் பொறுமை

போன வருஷம் முன்சக்கரங்களுக்கு ஜோடியாகப் புது ரேடியல் டயர் போட்டேன். 20,000 கிலோமீட்டர் ஓடுவதற்குள் இரண்டு டயரிலும் வெளி ஓரம் மழுங்கிவிட்டது. இத்தனைக்கும் ஒரு பட்டறையில் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) பார்த்து பில்லும் வாங்கியிருந்தேன். அதற்கப்புறம்தான் நானே பார்க்கப் பழகினேன். டோ-இன் என்றால், மேலிருந்து பார்க்கும்போது இரண்டு முன்சக்கரங்களின் முன்பக்கம் பின்பக்கத்தைவிட நெருங்கி நிற்பது. விலகி நின்றால் டோ-அவுட்.

முதலில் டயரைக் குறுக்கே கையால் தடவிப் பாருங்கள். வெளியிலிருந்து உள்ளே போகும்போது வழுக்கி, திரும்பி வரும்போது ரம்பம் போல் உறுத்தினால் டோ-இன் அதிகம். நேர்மாறாக இருந்தால் டோ-அவுட். விரல் சொல்வதை நம்பலாம்.

அளவெடுக்கும் முன் காற்று இரு பக்கமும் சமமாக இருக்கட்டும். வண்டி காலியாக, சமதளத்தில் நிற்கட்டும். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் கிளீனரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின் (ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் சுழலும் செங்குத்து அச்சாணி). அதைச் சரிசெய்யாமல் அலைன்மென்ட் பார்ப்பது வீண் வேலை. இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராடின் முனைகளையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

சரி, இப்போது கோடு. வண்டி தூக்கியபடியே இருக்க, டயரின் நடுவில் சாக்பீஸ் தேய்த்து, ஒரு கட்டையில் ஆணியை அசையாமல் வைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினால் நேர்கோடு விழும். டயரின் பள்ளத்தையே கோடாக வைத்து அளக்காதீர்கள். ரிம் கோணலாக இருந்தால் அளவு பொய்யாகும்.

டேப் பிடித்து அளப்பதை நான் விட்டுவிட்டேன். ஹப் (சக்கரத்தின் மையம்) உயரத்தில் நேராகப் பிடிக்க எஞ்சின் அடிப்பாகம் விடாது. இழுக்கிற கை மாறினாலே 2 மில்லிமீட்டர் மாறும். அதற்குப் பதிலாக ஒரு அளவுகோல் செய்துகொண்டேன்: இரண்டு மீட்டர் சதுரப் பைப், இரு முனையிலும் ஹப் உயரத்துக்கு ஒரு கால், ஒரு காலில் நிலையான ஊசி, இன்னொன்றில் முன்னும் பின்னும் நகரும் போல்ட். வெல்டிங் கடையில் அரை மணி நேர வேலை.

வண்டியை இறக்கி, ஸ்டியரிங்கை நேராக்கி, சில மீட்டர் முன்னால் தள்ளி நிறுத்துங்கள். டயரின் பின்பக்கம், ஹப் உயரத்தில் கோட்டுக்குக் கோடு அளந்து, அந்த இடத்தில் குறி வையுங்கள். வண்டியை முன்னால் உருட்டி, அதே குறி முன்பக்கம் வந்ததும் மறுபடி அளங்கள். முன் அளவு குறைவாக இருந்தால் டோ-இன். எனக்கு 9 மில்லிமீட்டர் வந்தது. கையேட்டில் 0 முதல் 2 என்று இருக்கிறது. உங்கள் வண்டியின் கையேட்டைப் பாருங்கள்.

9 என்பது சின்ன எண்ணாகத் தெரியும். டயரின் விட்டம் சுமார் ஒரு மீட்டர். கணக்குப் போட்டால் ஒவ்வொரு டயரும் கிலோமீட்டருக்கு நாலு மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் தேய்கிறது. நாமக்கல்லிலிருந்து பெங்களூர் போய்ச் சேர்வதற்குள் ஒரு கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு போன மாதிரி.

டை ராட் கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்தி, பைப் ரென்ச்சால் ராடையே திருப்ப வேண்டும். டை ராட் அச்சுக்குப் பின்னால் இருக்கும் வண்டியில் அதை நீட்டினால் டோ-இன் கூடும், குறைத்தால் குறையும்.

நான் ஏமாந்த இடம் இதுதான். திருப்பினேன், அங்கேயே அளந்தேன், 2 காட்டியது. சந்தோஷமாக கிளாம்பை முறுக்கிவிட்டு ஒரு டிரிப் போய் வந்து அளந்தால் 6! நின்ற இடத்திலேயே ராடைத் திருப்பும்போது டயர் தரையைவிட்டு நகர்வதில்லை, அதே இடத்தில் முறுக்கிக்கொள்கிறது. உருண்டதும் அந்த முறுக்கு விட்டுப்போகிறது. ஆகவே ஒவ்வொரு முறை திருப்பியதும் ஐந்தாறு மீட்டர் உருட்டுங்கள். கடைசி அசைவு முன்னோக்கியே இருக்கட்டும். பின்னால் வந்து நின்றால் முனைகளில் உள்ள லூஸ் எதிர்ப்பக்கம் போய் அளவு மாறும். எனக்கு நாலு தடவை ஆனது.

ஸ்டியரிங் வீல் கோணலாக நின்றால் அதைக் கழற்றி மாட்டாதீர்கள், ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க்கில் சரிசெய்யுங்கள். கேம்பரை (சக்கரம் உள்ளே வெளியே சாய்ந்திருக்கும் கோணம்) சரிசெய்கிறேன் என்று அச்சை வளைக்கக் கூப்பிடுகிறவரிடம் போகவே வேண்டாம்.

பின்சேர்க்கை: எல்லாம் சரியாக இருந்தும் வண்டி நண்டு மாதிரி கோணலாகப் போகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். முன் ஹப்பிலிருந்து பின் ஹப் வரை இரு பக்கமும் அளந்து பாருங்கள். ஒருவருக்கு ஸ்பிரிங் பட்டைகளை நடுவில் பிடித்திருக்கும் சென்டர் போல்ட் ஒடிந்து பின் அச்சு நகர்ந்திருந்தது. அச்சை ஸ்பிரிங்கோடு கட்டும் யூ போல்ட்டை முறுக்கினால் மட்டும் அது போகாது, சென்டர் போல்ட்டை மாற்றித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று: முன்னால் இரண்டு ஸ்டியரிங் அச்சு உள்ள வண்டிக்கு, ஒவ்வொன்றின் டோவையும் தனித்தனியாக முடித்துவிட்டு, அப்புறம்தான் இரண்டையும் இணைக்கும் ராடைத் தொடவேண்டும். முதல் அச்சு நேராக இருக்கும்போது இரண்டாவதும் நேராக நிற்கிறதா என்று சேஸியிலிருந்து அளந்து பாருங்கள்.