பயிர் பச்சையாக இருக்கிறது, மண்?

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் என்று தமிழ் புழங்கும் எங்கள் பக்கத்தில், கசடு என்றாலே பிளாச்சிமடைதான் நினைவுக்கு வரும். அங்கிருந்த குளிர்பான ஆலையின் கசடு உரம் என்ற பெயரில் விவசாயிகள் கைக்கு வந்தது. 2003-இல் சோதித்தபோது அதில் காட்மியம், ஈயம் என்ற நச்சு உலோகங்கள் இருந்தன. சும்மா கிடைக்கிறதே என்று இப்படிப்பட்டதை வண்டியில் ஏற்றுவது முதல் தவறு. எரு மட்கும், உலோகம் மட்காது.

இலையைப் பார்த்து மண்ணைக் கணிப்பது அதைவிடப் பெரிய தவறு. துத்தநாகம் போகிற வழியிலேயே காட்மியமும் வேருக்குள் நுழைந்துவிடும். அளவு மிஞ்சினால் வேர் குட்டையாகிப் பழுப்பேறும்; இளம் இலையில் நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி மஞ்சளாகும். இரும்புச் சத்துக் குறைந்தாலும் இதே கோலம்தான். நாம் என்ன செய்வோம்? நாலு கை யூரியா வீசுவோம். யூரியா விழ விழ மண்ணில் அமிலத்தன்மை கூடும், காட்மியம் இன்னும் எளிதாக வேருக்குக் கிடைக்கும். மஞ்சளானாலாவது சந்தேகம் வரும். கீரை பல சமயம் தளதளவென்று நின்றபடியே, தின்பவருக்கு ஆகாத அளவைச் சேர்த்து வைத்திருக்கும்.

சரி, மண்ணைச் சோதித்து அரசு தரும் மண்வள அட்டை இருக்கிறதே என்பார்கள். அதில் வருவது 12 விவரங்கள்: தழை, மணி, சாம்பல் சத்துகள், துத்தநாகம், இரும்பு இப்படி. காட்மியம், ஈயம், குரோமியம் கிடையாது. அதைத் தனியாகக் கேட்டுத்தான் சோதிக்க வேண்டும். கசடு கொட்டிய மூலை மண்ணை மற்ற மண்ணோடு கலக்காமல் தனியாக எடுங்கள். துத்தநாகப் பூச்சுள்ள வாளி வேண்டாம், பிளாஸ்டிக் வாளி போதும்.

அப்புறம் சுண்ணாம்பு. மேற்கே அமிலம் மிகுந்த செம்புறை மண்ணில் அது காட்மியத்தைக் கட்டிப்போடும். சித்தூர்க் கரிசலோ ஏற்கெனவே காரம். அங்கே சுண்ணாம்பைக் கொட்டினால் பயிருக்கு வேண்டிய இரும்பும் துத்தநாகமும்தான் கிடைக்காமல் போகும்.

நெல்லில் எந்த உலோகம் என்று தெரியாமல் தண்ணீரை வடிக்காதீர்கள். தண்ணீர் நிற்கும் வயலில் காட்மியம் அடங்கியிருக்கும். கதிர் வரும் நேரம் காயவிட்டால் மணியில் ஏறும். ஆர்செனிக் நேர் எதிர், தண்ணீர் நின்றால்தான் அதிகம் ஏறும்.

உலோகத்தை உறிஞ்சக் கடுகு விதைக்கலாம் என்பது உண்மைதான், ஆனால் வருஷக்கணக்கில் ஆகும். அப்படி விதைத்தவர்களும் கடைசியில் செடியைப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டுவிடுகிறார்கள். இல்லையென்றால் எருக்குழிக்கு. அந்த எரு போவது அதே வயலுக்கு.